தை பிறந்தது, ஊசியை எடுங்கள்!

சகோதரிகளே, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பொங்கல் பானையைத் தேய்த்துக் கவிழ்த்திருப்பீர்கள். வாசலில் கிடந்த கரும்புச் சக்கையைக் கூட்டித் தள்ளியாகியிருக்கும். புதுக் காலண்டரும் ஆணியில் ஏறிவிட்டது. வருஷம் முழுக்கச் செய்யப்போகிற தையல் வேலைக்குத் திட்டம் போட இதைவிட நல்ல நேரம் கிடையாது. தை என்றால் மாதம். தை என்றால் 'உட்கார்ந்து தை' என்ற கட்டளையும்தானே!

நான் தொழில் கற்ற டெய்லர் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் நாலு மாதம் தையல் வகுப்புக்குப் போனவள். புகுந்த வீட்டுக்கு என்னோடு வந்த கால் மிஷினில் இத்தனை வருஷமாக ஜாக்கெட், பாவாடை, தலையணை உறை, பையன் நிஜாருக்கு ஒட்டு என்று காலம் ஓடிவிட்டது. இந்த வருஷம் கொஞ்சம் பெரிதாகவே ஆசைப்பட்டிருக்கிறேன். அடுத்த பொங்கலுக்குள் எட்டுக் குழந்தைகளுக்கு மேடை உடை தைத்து முடிக்க வேண்டும். பரதநாட்டிய உடை இரண்டு, பட்டுப்பாவாடை சட்டை இரண்டு, மாறுவேடப் போட்டிக்கு ஆண்டாள், கிருஷ்ணர், பாரதியார், வேலு நாச்சியார் என்று நாலு. ஆக எட்டு.

"எதுக்கு இந்த வேண்டாத வேலை? கடையில வாடகைக்குக் கிடைக்குதே" என்றார் என் வீட்டுக்காரர். கிடைக்கிறதுதான். ஆனால் வாடகைக்குக் காசு வேண்டுமே!

ஒரு வயிற்றுவலியின் காரணம்

எங்கள் தெருவில் பதினோரு வயசுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் அப்பா நீடாமங்கலம் ஸ்டேஷனில் நெல் மூட்டை ஏற்றுகிற லோடுமேன். அரவைக்கு சரக்கு ரயில் போகிற நாளில்தான் வீட்டில் கையில் பணம் புழங்கும். அந்தப் பெண் நன்றாக ஆடுவாள். போன வருஷம் அவள் படிக்கிற பள்ளியின் ஆண்டு விழா நடனத்துக்கு அவளையும் சேர்த்தார்கள். மூன்று வாரம் ஆசையாகப் பழகினாள். பிறகு உடை வாடகைக்கும் மேக்கப்புக்கும் பணம் கொண்டு வரச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அவளுக்கு வயிற்றுவலி! விழா அன்று அவள் இடத்தில் வேறு பெண் ஆடினாள். அதற்கு மறுநாள் வயிற்றுவலி தானாகவே போய்விட்டது. அவள் அம்மாவுக்கும் விஷயம் புரிந்தது, எனக்கும் புரிந்தது. குழந்தை மட்டும் கடைசி வரை வாயைத் திறந்து 'பணம்' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் இந்த எட்டுக் கணக்கு மனசில் விழுந்தது. தைத்த உடைகளை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்து, தெருவில் எந்தக் குழந்தைக்கு வேண்டுமோ கொடுத்து வாங்குவது என்று எண்ணம். என் மாமியாரிடம் சொன்னேன். "நல்ல காரியந்தான். ஆனா வாயால சொன்னா ஆகாது, காலண்டர்ல எழுதி வை" என்றார். நூற்றில் ஒரு வார்த்தை!

முதலில் மணிக்கணக்கு

பெரிய திட்டம் போடுகிறவர்கள் துணியைத்தான் முதலில் கணக்குப் பார்ப்பார்கள். நாம் நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையல்கட்டை ஒழித்துப் போட்ட பிறகு எனக்கு நிம்மதியாக ஒரு மணி நேரம் கிடைக்கும். மாதத்துக்கு இருபது நாள் என்று வைத்தால் இருபது மணி. வருஷத்துக்கு 240. இதில் விருந்தாளி, காய்ச்சல், கல்யாணம், கருமாதி, பண்டிகை, அடைமழை எல்லாவற்றுக்கும் 90 மணி தள்ளிவிட்டேன். மிச்சம் 150.

என் கை வேகத்துக்கு நாட்டிய உடை ஒன்றுக்கு 20 மணி ஆகும், இரண்டுக்கு 40. பாவாடை சட்டை ஒன்றுக்கு 6 மணி, இரண்டுக்கு 12. மாறுவேட உடை ஒன்றுக்கு 8 மணி, நாலுக்கு 32. மொத்தம் 84. புதிதாகச் செய்கிற வேலையில் பிரித்துத் தைப்பதும் சேர்ந்துதான் வரும். அதனால் இன்னும் பாதி, அதாவது 42 மணி கூட்டினேன். 126 வந்தது. மீதி 24 மணி வீட்டுக் கிழிசல்களுக்கு. ஆசை பெரிதுதான், ஆனால் கணக்குக்குள் அடங்குகிறது. உங்களுக்கு அடங்காவிட்டால் எட்டை ஐந்தாக்குங்கள். கைக்குழந்தைக்காரிகள் இரண்டாக்குங்கள், போதும்.

மாதம் பிரித்த விதம்

தை, மாசி: மிஷினுக்கு எண்ணெய் போட்டு ஊசி மாற்றுவது, பழைய புடவைகளைத் தரம் பிரிப்பது, செய்தித்தாளில் அளவு வெட்டிப் பார்ப்பது. நல்ல துணியில் கத்திரி வைக்கிற முன்னால் பழைய வேட்டியில் ஒரு தடவை தைத்துப் போட்டுப் பாருங்கள்.

பங்குனி, சித்திரை: பாவாடை சட்டை இரண்டும். பரீட்சை முடிந்து பெண்பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அவர்களிடம் ஓரம் மடித்துத் தைக்கிற வேலையைக் கொடுங்கள். பையன்களுக்கும் பித்தான் தைக்கக் கற்றுக் கொடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

வைகாசி, ஆனி: பள்ளி திறக்கிற சமயம். சீருடையை நீளம் விடவும் பை தைக்கவுமே நேரம் சரியாகப் போய்விடும். வேறு வேலை எதுவும் எழுதவில்லை.

ஆடி: தள்ளுபடியில் லைனிங் துணி, ஜரிகைக் கரை, ஹூக் வாங்குவதோடு கிருஷ்ணர் உடை. ஆவணியில் ஜயந்தி வருகிறதே!

ஆவணி, புரட்டாசி: மற்ற மாறுவேட உடைகள். நவராத்திரிக் கொலுவுக்கு ஆண்டாள் தயாராகிவிட வேண்டும். ஆண்டாளுக்கு இடப்பக்கம் சாய்ந்த கொண்டையும் இடக்கையில் கிளியும் முக்கியம். கிளியைப் பச்சை ஜாக்கெட் துணியில் பஞ்சு அடைத்துத் தைத்துவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை: மழை. துணி ஈரம் வாங்கும், இருட்டிக்கொண்டு வரும். ஹூக், மணி, ஜரிகை வைக்கிற கைவேலைகளை இதற்கென்று சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி: போட்டுப் பார்த்து, குறை தீர்த்து, மடித்து வைப்பது.

நாட்டிய உடைகள் எங்கே என்கிறீர்களா? அதை மாசியிலிருந்து மார்கழி வரை வாரத்தில் ஒரு மணி நேரம் என்று பரத்திவிட்டேன். அவசரப்பட்டால் அது வராது.

முடிவு தேதி இருக்கிற வேலைதான் முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. தஞ்சாவூர் போகிற ரயில் பாதையில் உள்ள சாலியமங்கலத்திலும், மெலட்டூரிலும் வருஷா வருஷம் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கும். லீலாவதி முதலான பெண் வேஷங்களையும் ஆண்களே கட்டுவார்கள். இந்தத் தேதி தள்ளிப்போகாது, ஜயந்திக்குள் வேஷம் தயாராக வேண்டும். நமக்கும் அப்படி ஒரு நாள் குறித்துவிட்டால் கை தானாக வேகம் பிடிக்கும்.

நாட்டிய உடையின் சூட்சுமம்

இன்று மேடைகளில் பார்க்கிற, தைத்து மாட்டுகிற நாட்டிய உடை ரொம்பப் பழசு இல்லை. முன்பெல்லாம் பைஜாமாவின் மேல் புடவையைச் சுற்றிக் கட்டி ஆடினார்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி அருண்டேல் 1935 டிசம்பரில் அடையாறில் மேடையேறினார். கோயில் சிற்பங்களைப் பார்த்து அவர் உடைகளை அமைத்தபோது, மேடம் கசான் என்ற இத்தாலியத் தையல்காரப் பெண்மணி உதவினார். (எங்கள் ஊர் தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்!) அவ்வளவு பெரிய கலைக்கும் ஒரு தையல்காரியின் கை தேவைப்பட்டது என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும்.

உடையில் ஐந்து உருப்படிகள்: ரவிக்கை, பைஜாமா, முன்னால் விரியும் விசிறி, இடுப்பைச் சுற்றிப் பின்பக்கம் மறைக்கும் துண்டு, மேலாக்கு. இதில் பயமுறுத்துவது விசிறிதான். கணக்கு தெரிந்தால் பயம் போய்விடும். ஒரு அங்குல விசிறிக்கு மூன்று அங்குலத் துணி. அரை அங்குல மடிப்பு ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம் தின்னும். 16 அங்குல விசிறிக்கு 48 அங்குலம், இரண்டு ஓரத்துக்கும் தையலுக்கு ஒவ்வொரு அங்குலம். புடவைக் கரை அடியில் படுக்கையாக வருகிற மாதிரி வெட்ட வேண்டும். மடிப்பை ஊசி குத்தி நிறுத்தி, மெல்லிய ஈரத்துணி போட்டு இளஞ்சூட்டில் தேய்த்து, மேலும் கீழும் நூல் ஓட்டி, ஒரு ராத்திரி மெத்தைக்கு அடியில் வையுங்கள். திருபுவனம் பட்டுப்புடவையை விசிறி மடிப்பாக மடித்துத் தருவார்களே, அதைப் பார்த்தால் கைக்குப் பிடிபடும். நிஜப் பட்டு தேவையே இல்லை. ஆர்ட் சில்க் புடவை போதும். ஆனால் சூடு அதிகமானால் ஜரிகை சுருங்கிவிடும்.

அளவெடுக்கும்போது குழந்தையை நேராக நிற்க வைத்து மட்டும் எடுக்காதீர்கள். அரைமண்டியில் உட்கார வைத்தும் எடுங்கள். இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் தொடைச் சந்திலும் தாராளம் வேண்டும். இல்லாவிட்டால் மேடையில் முதல் அடவிலேயே 'டர்'ரென்று கேட்கும்.

பல குழந்தைகளுக்குக் கைமாறுகிற உடை என்பதால் இன்னொன்று. ரவிக்கையின் பக்கத் தையலில் ஒவ்வொரு ஓரத்திலும் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டுத் தையுங்கள். பின்னால் அரை அங்குலம் மட்டும் வைத்துக்கொண்டு பிரித்துவிட்டால் சுற்றளவில் நாலு அங்குலம் கிடைக்கும். ஒன்பது வயசுக்குத் தைத்தது பன்னிரண்டு வயசு வரைக்கும் போகும்.

மிஷினும் உடம்பும்

யந்திர மோகம் வேண்டாம் என்ற காந்தியடிகளிடம் ஜி. ராமச்சந்திரன் 1924-ல் அதைப் பற்றிக் கேள்வி கேட்டபோது, சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் அவர் விதிவிலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் செய்தது என்று அவர் காரணமும் சொன்னார். அந்த ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரமும்தான் பிறகு 1947-ல் காந்திகிராமம் தொடங்கினார்கள். அன்பினால் பிறந்ததற்கு நாமும் அன்பு காட்ட வேண்டாமா? தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். மார்கழிக் குளிரில் உறைந்து மிஷின் இறுகிவிடும். மிஷின் எண்ணெய்தான் விட வேண்டும். மெல்லிய துணிக்கு 11-ம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, கனத்த துணிக்கு 16.

கால் மிஷினைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோதும் பகல் வெளிச்சத்தில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி உட்காருங்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து முதுகை நிமிர்த்தி, தூரத்தில் ஏதாவது மரத்தைப் பாருங்கள். கழுத்துவலியும் கண்ணெரிச்சலும் பாதி குறையும். குண்டூசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் ஒன்று குறைந்தாலும் தேடாமல் எழுந்திருக்கக் கூடாது. கிரீடத்தில் மின்னும் விளக்கு வைக்கிறேன் என்று பொத்தான் பேட்டரி போடுகிறவர்கள் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். குழந்தை அதை விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஜரிகை உடம்பில் உறுத்தாமல் இருக்க உள்ளே பருத்தி லைனிங் கட்டாயம். வெட்டுவதற்கு முன்னால் அதை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுவிடுங்கள். பிறகு சுருங்காது. ஆர்ட் சில்க் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கொலுவில் வேஷம் போட்ட குழந்தையைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம். கைமாறுகிற உடையை ஒவ்வொரு தடவையும் துவைத்தோ, துவைக்க முடியாததை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் நன்றாக உலர்த்தியோதான் பெட்டியில் வைக்க வேண்டும்.

மிஷினே இல்லாத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் தருகிற அரசுத் திட்டம் ஒன்று உண்டு. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் கேட்கலாம். வயது, வருமான வரம்பும் தையல் தெரிந்ததற்குச் சான்றும் பார்ப்பார்கள். உங்கள் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அடுத்த இதழில் பாவாடை சட்டைக்குக் காகிதத்தில் அளவு வெட்டுவதைச் சொல்கிறேன். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை. பீரோவைத் திறந்து, இனிமேல் கட்டப்போவதில்லை என்று தெரிந்த புடவைகளை எண்ணி எடுத்து வையுங்கள். அப்படியே உங்கள் தெருவில் எந்தக் குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுவலி வருகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள்.