கல்லும் சர்க்கரை உருண்டையும்

எங்கள் விடுதித் தோழன் ஒருவனுக்குச் சென்ற ஆண்டு விலாவில் தொடங்கி அடிவயிறு வரை பொறுக்க முடியாத வலி. ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் சிறுநீரகக் கல் தெரிந்தது. ஓமியோபதி வைத்தியர் 'பெர்பெரிஸ் வல்காரிஸ்' உருண்டைகள் கொடுத்தார். பத்தாம் நாள் கல் விழுந்தது. அன்று முதல் அவன் அம்மருந்தின் பிரசாரகன்!

ஆனால் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை மருந்தின்றியே வெளியேறுபவை. '30 சி' வீரியம் என்பது நூறில் ஒரு பங்காக முப்பது முறை கரைத்தது. மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட அதில் மிஞ்சாது என்பதை நம் வேதியியல் மாணவர்களே கணக்கிட்டுச் சொல்வார்கள். ஓமியோபதி எந்த நோயையும் தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என 2015இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கூறியது.

துணை மருந்தாகச் சாப்பிடட்டும், யார் தடுப்பது? மறுபடி கல் சேராதிருக்கத் தண்ணீரையும் நிறையக் குடிக்கட்டும். கல்லோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, நீர் அடைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதம் உயிருக்கே ஆபத்து.

இப்போது தோழன் தன் தந்தையின் 12 மில்லிமீட்டர் கல்லுக்கும் அதே உருண்டைகளை வாங்கிப் போயிருக்கிறான். அது தானே விழுகிற கல் அன்று. ஸ்கேன் படத்தை அவர் இன்னும் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை.