கேஸ் தீரவில்லை ஐயா, ஓடிப்போயிற்று

“கேஸ் தீர்ந்துபோச்சு சார். போட்டா ஜில்லுன்னு ஆயிடும்.”

மூன்று கோடையாக இதே வசனத்தைக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் 1,800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தவன் நான். “சீக்கிரம் போட்டு அனுப்புப்பா” என்று அவசரப்படுத்தியவனும் நான்தான். அதனால் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் கேட்கிறேன்: தீர்ந்துபோக அது என்ன பெட்ரோலா?

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். ஆங்கிலத்தில் நோட் எழுதக் கற்றதே குமாஸ்தா வேலையில் சேர்ந்த பிறகுதான். பௌதிகம் நடத்திய முசியே, 1824-இல் சாதி கார்னோ எழுதிய புத்தகத்தைச் சொல்லாமல் எந்தப் பாடத்தையும் முடிக்கமாட்டார். நீராவி எஞ்சினைப் பற்றியது அது. அதையே திருப்பி ஓட்டினால் குளிர்ப்பெட்டி என்பார். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு “சிர்க்குயி ஃபெர்மே” என்பார். மூடிய சுற்று. உள்ளே இருப்பது சுற்றிச் சுற்றி வருமே தவிர செலவாகாது.

கார் ஏ.சி.யும் அதேதான். கம்ப்ரஸர் அழுத்துகிறது, முன்னால் இருக்கும் கண்டென்சரில் கேஸ் சூட்டை விட்டுத் திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டி டாஷ்போர்டுக்குள் இருக்கும் காயிலில் மறுபடி ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. வீட்டு ஃபிரிட்ஜ் இருபது வருஷம் கேஸ் போடாமல் ஓடவில்லையா? காரில் ரப்பர் ஹோஸும் சீலும் இருப்பதால் வருஷக்கணக்கில் கொஞ்சம் கசியத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பங்குனியில் போட்டது ஆடிக்குள் காணாமல் போனால் அது ஓட்டை. ஓட்டையைப் பார்க்காமல் மறுபடி ஊற்றுவதற்கு என்ன பெயர்?

அலுவலகத்தில் காரணம் எழுதாத பில்லை நாங்கள் பாஸ் செய்யமாட்டோம். ஒரே செலவு மூன்று வருஷம் திரும்ப வந்தால் ஆடிட்டில் குடைந்துவிடுவார்கள். என் ஒர்க்‌ஷாப் பில்கள் மூன்றிலும் ஒரே வரிதான்: “ஏ.சி. கேஸ்”. ஏன் குறைந்தது, எத்தனை கிராம் போட்டார்கள், ஒன்றும் கிடையாது.

மூன்றாவது பில்லுக்குப் பிறகுதான் அது நடந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு இருதய ஆபரேஷன் ஆகி நாலு மாதம். செக்கப்புக்குச் சென்னை போய்த் திரும்பும்போது திண்டிவனத்துக்கு முன்னாலேயே ஏ.சி.யில் அனல் காற்று. கண்ணாடியை இறக்கினால் அதைவிட அனல். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, “ஒண்ணுமில்ல, நீங்க ரோட்டைப் பாருங்க” என்றாள். முகம் வெளுத்துவிட்டது. ஒரு டீக்கடைக் கொட்டகையில் படுக்கவைத்து, பொழுது சாய்ந்த பிறகே கிளம்பினோம்.

“காரை வித்துடுங்கப்பா, இருபது வருஷப் பழசு” என்றான் மகன். எனக்கு வயது எழுபத்தைந்து. அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை.

வில்லியனூர் சாலையில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் போனேன். அவர் கேஸ் சிலிண்டரைத் தொடவே இல்லை. டார்ச் அடித்துக் குழாய்களைப் பார்த்தார். கண்டென்சர் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுவதால், கேஸ் ஓடிய இடத்தில் அது அடையாளம் வைத்துவிடுமாம். நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழி வந்தது. காய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம், விலை 40 ரூபாய். அதை மாற்றி, முக்கால் மணி நேரம் வேக்கும் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, தராசில் எடைபார்த்துத்தான் கேஸ் ஏற்றினார். கூலியோடு 2,600 ஆயிற்று. இது இரண்டாவது கோடை, குளிர்ச்சி குறையவில்லை.

“கேஸ் போட்டும் சரியாகவில்லை” என்று புலம்பும் நண்பர்களுக்கும் ஒன்று. கார் ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சுடுகிறதா? முதலில் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். என் பழைய சகா ஒருவருக்கு ஃபியூஸ்தான் போயிருந்தது. அவருக்கும் கேஸ்தான் போட்டு அனுப்பினார்கள். அளவுக்கு மேல் கேஸ் போனாலும் குளிர்ச்சி கெடும் என்பது அங்கே யாருக்கும் தெரியாதா?

இதில் காசு மட்டும் போகவில்லை. அந்த ஆர்-134ஏ கேஸ், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. நான் காசு கொடுத்து மூன்று தடவை அதை வானத்தில் விட்டிருக்கிறேன்.

போன வாரம் பழைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து செல்லுக்கு ஒரு செய்தி: கோடைச் சலுகை, ஏ.சி. கேஸ் நிரப்ப 20 சதவீதம் தள்ளுபடி. கசிவு பார்ப்பதற்குச் சலுகை உண்டா என்று கேட்டு அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.