கம்பம் பள்ளத்தாக்கு மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம்



தம் வயதை எண்ணிச் சொல்லத் தெரியாமல், போடிக்கு ரயில் வந்த வருஷத்தில் பிறந்ததாகவும், வைகை அணை திறந்தபோது தலைச்சன் பிள்ளை இடுப்பிலிருந்ததாகவும் அடையாளம் கூறும் மூதாட்டிகள் நம் ஊர்த் திண்ணைகளில் இன்னும் ஜீவித்திருக்கிறார்கள். ரயில் வந்தது 1928இல், அணை திறந்தது 1959இல்; ஆகவே அவர்களுடைய பிராயத்தை நாம் கணித்துவிடலாம். ஆனால் சர்க்கார் ஏட்டுக்கு அந்தச் சாட்சியம் போதாது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்னே, ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போன பெற்றோருக்கு அன்றைய திருவிதாங்கூர் மலைகளிலே பிறந்து, பின்பு கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ வாழ்க்கைப்பட்டவர்கள் பலர். 1956 நவம்பர் 1ஆம் தேதிக்குப் பின் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் அமைந்துவிட, பிறந்த மண் ஒரு மாநிலமாகவும் புகுந்த மண் வேறொரு மாநிலமாகவும் ஆனமையால், இவர்களுக்கு எந்தத் தஸ்தாவேஜும் எளிதில் கிட்டுவதில்லை.

கிடைத்த தஸ்தாவேஜும் நிலைப்பதில்லை. ஆயுள் முழுதும் களை பறித்தும் காய் எடுத்தும் தேய்ந்த விரலை ரேகை பதியும் இயந்திரத்தில் வைத்தால், "ரேகை விழல பாட்டி, அடுத்த வாரம் வா" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு மாதம் சின்னமனூரில் மகன் வீட்டிலும் மறுமாதம் குமுளியில் மகள் வீட்டிலுமாகக் காலங்கழிப்பவரைத் தேடி ஊழியர் வருகிற நாளில் கதவு பூட்டியிருக்க, 'விலாசத்தில் இல்லை' என்று குறிப்பு விழுகிறது. அந்த ஒரு வரியினால் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீங்கலாம். 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையும் நின்றுவிடலாம். அத்தொகையிலேதான் அந்த ஜீவனின் மருந்தும் வெற்றிலையும் அடங்கியிருக்கின்றன.

இதற்கு நேர்மாறாகவும் ஏடு பிழைபடுவதுண்டு. ஜப்பான் தேசத்தில் 2010இல், 111 வயதினரென்று பதிவாகியிருந்த ஒரு கிழவரை டோக்கியோவில் காணச் சென்றவர்கள், அவர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டதைக் கண்டார்கள். அதன்பின் ஆராய்ந்ததில், நூறு வயது கடந்தும் இருப்பிடம் அறியப்படாத பெயர்கள் 2,34,000க்கு மேல் குடும்பப் பதிவேடுகளில் நின்றன. இறந்தவர் ஏட்டிலிருப்பதும் இருப்பவர் ஏட்டில் இல்லாதொழிவதும் ஒரே காரணத்தால் விளைபவை என்பது எங்கள் துணிபு: அவர்களை யாரும் போய்ப் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை; எங்கள் தெருவிலேயே உதவித்தொகை நின்று பல மாதமான ஓர் அம்மையாரை, அவர் பட்டினி கிடந்த பின்னரே அறிந்தோம். அந்த வெட்கமே இவ்விண்ணப்பத்தை எழுதச் செய்கிறது.

ஆதலால், ஆசிரியர்களும் விவசாயிகளும் தோட்டத் தொழிலாளருமாகிய நாங்கள் உங்களை வேண்டுவது இதுவே. ரேகை விழாதவருக்குக் கண் கருவிழிப் பதிவுக்கு வழியுண்டு. அவருடன் சென்று அதைக் கேளுங்கள். உதவித்தொகை நின்றிருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே தீராவிடில், திங்கட்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் நாளில் அவருக்காக மனு எழுதிக் கொடுங்கள். ஒருவர் காலமானால் 21 நாளுக்குள் அதையும் பதியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரமே உங்கள் தெருவில் எண்பது கடந்தவர் எவரெவரென்று விசாரித்து, அவர் திண்ணையில் சற்றே உட்கார்ந்து, அவருடைய அடையாள அட்டைகளை வாங்கிப் பாருங்கள்.