சிங்க்கில் கிடக்கும் கத்தி யார் கையைப் பதம் பார்க்கும்?

ராத்திரி சமையல் முடிந்ததும் குக்கர் மூடி, தோசைக்கரண்டி, குழம்புக் கிண்ணம் எல்லாம் சிங்க்கில் குவிகின்றன. அடியில் எங்கேயோ கத்தி, மேலே சோப்பு நுரை. காலையில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா கையை உள்ளே விடுகிறார். கத்தி அங்கே கிடப்பது அவருக்குத் தெரியாது.

காய் நறுக்கும்போது கண் கத்தி மேலேயே இருக்கும். நறுக்கி முடித்த பிறகுதான் கவனம் போய்விடுகிறது. அப்போது வெட்டு வாங்குவது பெரும்பாலும் வேறொருவர் கை.

எனவே, கத்தியை சிங்க்கில் போடவே வேண்டாம். நறுக்கியதும் கூர்ப்பக்கம் வெளியே பார்க்கும்படி பிடித்துக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் வைத்துவிடுங்கள். அரை நிமிட வேலைதான்.

ஸ்பூன், பீலரோடு சேர்த்து டிராயரில் போடுவதும் தப்பு. தேடுகிற விரலில் கீறும். மற்ற பாத்திரங்களில் உரசி கூரும் போகும். பழைய அட்டையை மடித்து டேப் ஒட்டினால் உறை தயார். சுவரில் மாட்டும் காந்தப் பட்டையும் நல்லதுதான், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தால். ஸ்பூன் ஸ்டாண்டில் முனை மேலே பார்க்கக் கத்தியைச் செருகும் பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம். அரிவாள்மணையை நிமிர்த்தி வைத்தால் பாட்டிகள் திட்டுவார்களே, அதில் நியாயம் இருக்கிறது. மடக்குங்கள், இல்லையென்றால் கூர் சுவரைப் பார்க்கப் படுக்க வையுங்கள்.

'கூர் குறைவாக இருந்தால் பயமில்லை' என்று நினைப்பவர்கள் பலர். நடப்பது நேர் எதிர். மழுங்கிய கத்தி தக்காளித் தோலில் இறங்காமல் வழுக்கும். கை இன்னும் அழுத்தும். அந்த அழுத்தத்தோடு நழுவினால் காயம் ஆழமாகும். பழுத்த தக்காளியில் அழுத்தாமலே கத்தி இறங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாணை பிடிக்க நேரம் வந்துவிட்டது. தெருவில் சாணைக்காரர் வருவது குறைந்துவிட்டதே என்கிறீர்களா? சாணைக்கல்லை வாங்கி நனைத்து, 15 முதல் 20 டிகிரி சாய்வில் இருபுறமும் சமமாகத் தீட்டலாம். அவசரத்துக்கு, பீங்கான் கப்பின் அடியில் இருக்கும் சொரசொரப்பான வளையமே போதும்.

கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து நறுக்கினால், தீட்டிய கூர் சில நாள்கூட நிற்காது. மரப்பலகை நல்லது. அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது. இரும்புக் கத்தியில் எலுமிச்சை, தக்காளி நறுக்கினால் உடனே கழுவித் துடைத்து, துளி எண்ணெய் தடவுங்கள், துரு பிடிக்காது.

கத்தி கைநழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். காலை இழுத்துக்கொண்டு விலகுங்கள்.

அப்படியும் வெட்டிவிட்டால் காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. காயம் ஆழமாக இருந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டி.டி. ஊசி தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, உடைந்த கத்தி. அதை அப்படியே குப்பைப் பையில் போட்டால், மறுநாள் பையைத் தூக்குவது தூய்மைப் பணியாளரின் கை. தடித்த அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே 'கத்தி' என்று பெரிதாக எழுதி, அவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.