கோப்பு கம்ப்யூட்டருக்குப் போகும்... அனுபவம் எங்கே போகும்?

வீட்டு பீரோவைத் திறந்தால், பட்டுப்புடவைக்குக் கீழே ஒரு பழைய கவர் இருக்கும். உள்ளே இன்ஷூரன்ஸ் பாலிசி. அப்பா சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கட்டியது, அம்மா சிறுவாட்டுக் காசில் கட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு.

அந்த பாலிசிக்கு ஒரு கூடப்பிறப்பும் உண்டு. அது கிளை அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமில் இருக்கும். 'டாக்கெட்' என்பார்கள். விண்ணப்பப் படிவம், வயதுச் சான்று, டாக்டர் ரிப்போர்ட், ஏஜென்ட் ரிப்போர்ட் எல்லாம் அதற்குள்தான். நாமினியை மாற்றினாலும், பாலிசி மீது கடன் கேட்டாலும், நின்றுபோன பாலிசியைப் புதுப்பித்தாலும், அந்தக் கட்டு தூசி தட்டப்பட்டு மேஜை மேஜையாகப் பயணம் போகும்.

அமெரிக்க மேலாண்மை நிபுணர் மைக்கேல் ஹேமர், 1990-ல் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழில் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் கணக்கை எழுதினார். ஒரு விண்ணப்பம் முடிய 22 நாள்கள் ஆகுமாம். அதில் யாராவது உண்மையிலேயே வேலை பார்ப்பது 17 நிமிடங்கள்! மீதியெல்லாம் காத்திருப்பு.

கோப்பை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் மட்டும் இந்த 22 நாள்கள் குறையாது. முன்பு மேஜையில் தூங்கிய கோப்பு, இனி ஸ்கிரீனில் தூங்கும். எந்த மேஜை தேவை, எது வேண்டாம் என்று முடிவு செய்ய, வேலை தெரிந்த ஆள் வேண்டும்.

பயமும் பழக்கமும்

இந்தியாவில் இதற்கு எல்.ஐ.சி-யை விடப் பெரிய உதாரணம் கிடைக்காது. 1956 செப்டம்பர் 1-ம் தேதி, 245 நிறுவனங்களை இணைத்துப் பிறந்த நிறுவனம் அது. பஞ்ச் கார்டு மெஷின்களில் தொடங்கி, 1964-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஆனால், அந்தப் பாதை சுலபமாக இல்லை. 1960-களின் இரண்டாம் பாதியில், கல்கத்தாவின் இலாகோ கட்டடத்துக்குள் கம்ப்யூட்டரை விடமாட்டோம் என்று ஊழியர்கள் போராடினார்கள். 'இந்த மெஷின் வந்தால் நம் வேலை போய்விடும்' என்பதுதான் பயம்.

1980-களில் சிறிய கம்ப்யூட்டர்கள் கிளைகளுக்கும் கோட்ட அலுவலகங்களுக்கும் வந்தன. 1995 ஜூலையில் கவுன்டரிலேயே ஆன்லைன் சேவை தொடங்கியது. 1997 நவம்பரில் மும்பையின் 74 கிளைகள் ஒரே நெட்வொர்க்கில் இணைந்தன. அந்த நகரத்தில் எந்தக் கிளையிலும் பிரீமியம் கட்டலாம் என்றானது. இன்று போனில் பணம் கட்டும் தலைமுறைக்கு இது சாதாரணம். வெயிலில் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்த 'கோபால்' வேறு!

இந்த மாற்றத்தில் வெளியே தெரியாத ஒரு கூட்டம் உண்டு. நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் புரோகிராமர்கள். உலகம் முழுக்க, பழைய இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் கணக்குகள் பெரும்பாலும் ஓடியது 'கோபால்' என்ற கம்ப்யூட்டர் மொழியில். 1959-ல் உருவாகத் தொடங்கிய மொழி அது. இன்று கல்லூரி முடித்து வருபவர்களில் அதை அறிந்தவர் குறைவு.

அப்படியென்றால், பழைய ஆட்களை அனுப்பிவிட்டுப் புதியவர்களை எடுத்தால் போதாதா? அங்கேதான் சிக்கல்.

மற்ற பொருள்களைப்போல இன்ஷூரன்ஸை விற்றதும் மறந்துவிட முடியாது. 25 வயதில் எடுத்த பாலிசி, 60 வயதில் முதிர்வடையலாம். அந்தத் திட்டத்தின் விற்பனை என்றோ நின்றிருக்கும். ஆனாலும், கடைசி பாலிசிதாரர் பணம் வாங்கும்வரை அதன் விதிகள் உயிரோடு இருக்க வேண்டும். எந்த வருடம் எந்த போனஸ், எந்தத் திட்டத்துக்கு எந்த விதிவிலக்கு என்பதெல்லாம் அந்தப் பழைய புரோகிராம் வரிகளுக்குள் இருக்கும். வரியை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். அது ஏன் அங்கே இருக்கிறது என்பது, எழுதியவருக்குத்தான் தெரியும். தேவையில்லை என்று நினைத்து அதை நீக்கினால், ஏதோ ஓர் ஊரில் ஒரு குடும்பத்துக்கு வரவேண்டிய தொகை குறையும்.

அதனால், 50 வயது புரோகிராமருக்குப் புது மொழி கற்றுத்தருவது அவருக்குச் செய்யும் சலுகை அல்ல. நிறுவனம் தனக்கே எடுத்துக்கொள்ளும் இன்ஷூரன்ஸ்!

கற்பதும் லேசல்ல. பகலெல்லாம் சேரும் கணக்கை இரவில் மொத்தமாக ஓட்டிப் பழகியவர், வாடிக்கையாளர் பட்டனைத் தொட்ட நொடியில் பதில் சொல்லும் முறைக்கு மாற வேண்டும். ஒரு வாரப் பயிற்சியும் சர்டிஃபிகேட்டும் இதற்குப் போதாது. பழையவரையும் புதியவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கலாம். அவர் விதியைச் சொல்ல, இவர் மொழியைச் சொல்ல, இருவரும் கற்பார்கள். பழைய சிஸ்டமும் புதியதும் சில காலம் சேர்ந்தே ஓடி, இரண்டின் விடையும் பைசா பிசகாமல் ஒத்துப்போன பிறகே பழையதை நிறுத்த வேண்டும். மிக முக்கியமாக, 'கற்றுக்கொடுத்த பிறகு என்னை அனுப்பிவிடுவார்களோ' என்ற பயம் அவருக்கு இருக்கக் கூடாது. பயப்படுபவர் தெரிந்ததை முழுதாகச் சொல்லமாட்டார்.

2024 ஏப்ரல் முதல் புதிய பாலிசிகளை மின்னணு வடிவில் தர வேண்டும் என்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அதே ஆண்டு செப்டம்பரில், எல்.ஐ.சி-யின் புதிய டிஜிட்டல் தளத்தை உருவாக்கும் பொறுப்பு இன்ஃபோசிஸுக்குப் போனது. வெளியிலிருந்து எவ்வளவு பெரிய நிறுவனம் வந்தாலும், உள்ளே இருப்பவர் கைகொடுத்தால்தான் பழைய பாலிசிகள் பத்திரமாக மறுகரை சேரும்.

உங்கள் பங்கு என்ன?

கம்ப்யூட்டருக்கு நீங்கள் சொன்னது மட்டுமே தெரியும். வீடு மாறி, போன் நம்பர் மாறி, நாமினியாகப் போட்ட தாத்தா காலமாகியும் இருக்கலாம். டாக்கெட்டில் அவர் இன்னும் உயிரோடு இருப்பார்! முகவரி, மொபைல் எண், வங்கிக் கணக்கு, நாமினி நான்கையும் இந்த வாரமே சரிபாருங்கள். 10 ஆண்டுகளுக்கு மேல் யாரும் கேட்காத தொகை, மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். அப்படி உங்கள் பெயரிலோ வீட்டுப் பெரியவர்கள் பெயரிலோ பணம் இருக்கிறதா என்பதை, அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே தேடலாம்.

பீரோவில் இருக்கும் அந்தக் கவரை இன்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஆபத்து என்பது, இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் பொருந்தும்.