காரணம் எழுதப்படாத சிசு மரணங்கள்

நிறைமாதத்தில் இறந்து பிறந்த சிசுவை நல்லடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பும் குடும்பத்தினரிடம் என்ன நடந்ததென்று அயலவர் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'வயிற்றுக்குள் துடிப்பு நின்றுவிட்டதாம்' என்பதேயாகும். துடிப்பு நின்றமை மரணத்துக்கான காரணமல்ல, அதுவே மரணம். ஆயினும் பல பெற்றோருக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்கும் ஒரே விளக்கமாக அது அமைந்துவிடுகின்றது. எஞ்சிய விளக்கத்தை ஊர் வழங்குகின்றது. அவள் சந்திக்குப் போனாள், பாரம் தூக்கினாள், கிரகணம் பார்த்தாள் என்று பழி தாயின் தலையிலேயே விழுகின்றது.

2023ஆம் ஆண்டில் உலகெங்கும் 28 வாரங்களைக் கடந்த ஏறத்தாழ 19 இலட்சம் சிசுக்கள் இறந்து பிறந்ததாகவும், உயிருடன் பிறந்தவற்றுள் சுமார் 23 இலட்சம் சிசுக்கள் முதல் 28 நாட்களுக்குள் மரணித்ததாகவும் ஐக்கிய நாடுகள் சபையின் முகவரகங்கள் மதிப்பிட்டுள்ளன. இறந்து பிறப்பவற்றுள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை பிரசவ வலி தொடங்கும் வரை உயிருடன் இருந்தவை என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டியுள்ளது. இம்மரணங்களை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்பது ஏதோ எழுதுவினைஞரின் வேலை போலத் தோன்றலாம். உண்மையில், யார் பதில் சொல்ல வேண்டும், அடுத்த சிசுவைக் காக்க எதைத் திருத்த வேண்டும் என்பதை அந்தத் தலைப்பே தீர்மானிக்கின்றது.

இவ்விடயத்தில் மருத்துவ உலகமே நீண்டகாலம் ஒருமித்த கருத்தின்றி இருந்தது. ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் டுகால்ட் பெயார்டும் அவரது சகாக்களும் 1954இல் வெளியிட்ட வகைப்பாடு, தாயின் பக்கத்தில் எது பிழைத்தது என்று வினவியது. 1980இல் பிரித்தானிய நோயியல் நிபுணர் விக்கிள்ஸ்வேர்த் முன்வைத்த ஐந்து பிரிவுகளோ சிசுவின் நிறை, தோற்றம், மரணித்த நேரம் ஆகியவற்றையே பெரிதும் நோக்கின. அது இலகுவானது, வசதி குறைந்த வைத்தியசாலைகளிலும் பயன்படுத்தக்கூடியது. ஆனால், தோற்றத்தில் குறையேதுமின்றிக் கருப்பையினுள்ளேயே மரணித்த சிசுக்கள் எல்லாம் அதில் ஒரே கூடைக்குள் போய் விழுந்தன. அக்கூடைக்கு மறுபெயர் 'விளக்கமில்லை' என்பதாகும்.

இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பிரதேசத்தில் 1997 முதல் 2003 வரை இறந்து பிறந்த 2,625 சிசுக்களின் பதிவுகளை ஜேசன் கார்டோசி தலைமையிலான குழுவினர் மீளாய்வு செய்து 2005இல் வெளியிட்ட முடிவு இங்கு கவனிக்கத்தக்கது. விக்கிள்ஸ்வேர்த் முறைப்படி அவற்றுள் 66 வீதமானவை விளக்கமற்றவை. மரணவேளையில் தாயிடமும் சிசுவிடமும் நச்சுக்கொடியிலும் காணப்பட்ட பொருத்தமான நிலைமை எதுவென்று கேள்வியை மாற்றியபோது விளக்கமற்றவை 15 வீதமாகக் குறைந்தன. சிசுக்கள் அவையே, கோப்புகளும் அவையே. 43 வீதமானவற்றில் வயிற்றுக்குள் வளர்ச்சி குன்றியிருந்தமை தெரியவந்தது. வளர்ச்சிக் குறைவு மரணத்தின் மூலகாரணமா, வேறொரு கோளாற்றின் அடையாளமா என்று நிபுணர்கள் விவாதிக்கலாம். எம்மைப் பொறுத்தவரை, கிளினிக்கில் அளவு நாடாவை வயிற்றில் வைத்து அளக்கும் குடும்பநல உத்தியோகத்தரால் முன்கூட்டியே சந்தேகிக்கக்கூடிய ஒன்று அது என்பதே முக்கியமானது. விளக்கமில்லை என்று எழுதப்பட்டிருந்தால் அந்த நாடாவின் பெறுமதியை எவரும் உணர்ந்திருக்கப் போவதில்லை.

2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டுகளில் மாத்திரம் உலகில் 81 வகைப்பாட்டு முறைகள் உருவாக்கப்பட்டோ, திருத்தப்பட்டோ, கையாளப்பட்டோ வந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். இந்தக் குழப்பத்துக்கு முடிவுகாணும் நோக்குடனேயே உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் பொதுவான முறையொன்றை வெளியிட்டது. பிரசவ வலிக்கு முன், பிரசவத்தின்போது, பிறந்த பின் என மரணம் நேர்ந்த வேளை முதலில் குறிக்கப்பட வேண்டும். அதன் பின்னரே சிசுவின் பக்கக் காரணம். அத்துடன் தாயின் நிலைமையும் ஒவ்வொரு மரணத்துக்கும் கட்டாயமாக எழுதப்பட வேண்டும்; தாயிடம் எக்குறையும் இல்லையெனில் அதையும் எழுத வேண்டும். உயர் குருதியமுக்கமோ நீரிழிவோ தாயின் கோப்பிலும், மரணம் சிசுவின் கோப்பிலுமாகப் பிரிந்து கிடந்த நிலையை இது மாற்ற முனைகின்றது.

எனினும் எம்முறையும் அதை நிரப்பும் கையைப் பொறுத்தது. வயிற்றினுள் மரணித்துப் பல மணித்தியாலங்கள் சென்ற சிசுவின் தோல் உரியத் தொடங்கும். பிரசவத்தின்போது மரணித்த சிசுவின் தோல் அவ்வாறிராது. இதயத்துடிப்பு ஒழுங்காகக் கண்காணிக்கப்படாத இடங்களில் இந்த அடையாளத்தை வைத்தே மரணவேளை ஊகிக்கப்படுகின்றது. 'பிரசவத்தின்போது' என்று எழுதுவது பிரசவ விடுதியை நோக்கி விரல் நீட்டுவதாகும். தண்டனை பற்றிய அச்சம் நிலவும் இடத்தில் பேனா மற்றைய கட்டத்தை நோக்கிச் சாய்வது மனித இயல்பே. மரண மீளாய்வுகள் பெயர் சுட்டாமலும் பழி சுமத்தாமலும் நடத்தப்பட வேண்டுமென வலியுறுத்தப்படுவது இதனாலேயே. அதற்காக, பெற்றோருக்கு உண்மையை மறைப்பதற்கு அதை ஒரு திரையாகப் பயன்படுத்துவதை நாம் ஏற்க முடியாது.

இலங்கைக்கு இப்பாடம் புதியதன்று. 1940களில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 1,500ஐத் தாண்டியிருந்த தாய் மரணங்கள், கொவிட் பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் 40க்கும் கீழே கொண்டுவரப்பட்டிருந்தன. ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு, பிரதேச மட்டம் முதல் தேசிய மட்டம் வரை ஆராயப்பட்டமைக்கு இதில் பங்குண்டு. உலகில் இறந்து பிறத்தலுக்குப் பெருங்காரணங்களில் ஒன்றான சிபிலிஸ், தாயிலிருந்து சிசுவுக்குத் தொற்றுவதை இந்நாடு ஒழித்துள்ளதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் உறுதிப்படுத்தியது. காரணம் பெயரிடப்பட்டமையாலேயே ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் அதற்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. பிறவிக் குறைபாடு என்று எழுதப்படும் மரணங்களையும் விதியென்று ஒதுக்கிவிட முடியாது. கருத்தரிக்கும் முன்பே போலிக் அமிலம் உட்கொள்வதால் தண்டுவடக் குறைபாடுகளைப் பெருமளவு தவிர்க்கலாம். நெருங்கிய இரத்த உறவுத் திருமணங்களில் பிறவிக் குறைபாட்டின் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகின்றது என்பது, மச்சான் மச்சாள் உறவில் மணம் முடிக்கும் எமது இரு சமூகங்களுக்கும் சொல்லப்பட வேண்டிய செய்தியாகும்.

காரணத்தைக் கண்டறியச் சிசுவின் உடலைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் குடும்பங்கள் தயங்குகின்றன. விரைவில் நல்லடக்கம் செய்வது முஸ்லிம்களின் மார்க்கக் கடமை. பச்சிளம் உடலில் கத்தி படுவதைத் தமிழ்க் குடும்பங்களும் விரும்புவதில்லை. இத்தயக்கத்தை அறியாமையென இகழ்வோர் 2020ஆம் ஆண்டை மறந்தவர்களாவர். அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான முஸ்லிம் சிசுவொன்றின் ஜனாஸா, பெற்றோர் சம்மதம் இன்றியே தகனம் செய்யப்பட்டது. நிலத்தடி நீரால் கொரோனா பரவுமென்று கூறப்பட்ட காரணத்துக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கவில்லை. 2021 பெப்ரவரியில் அக்கொள்கை கைவிடப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. சிசுவின் உடலை எம்மிடம் தாருங்கள் என்று அரச வைத்தியசாலை கேட்கும்போது ஒரு தந்தையின் மனதில் எழுவது இந்த நினைவும்தான்.

ஆயினும் உடலைத் தொடாமலே அறியக்கூடியவை பலவுள்ளன. நச்சுக்கொடியை நிறுத்துப் பார்த்து நுணுக்குக்காட்டியில் பரிசோதித்தால் இரத்த உறைவு, தொற்று, குருதியோட்டத் தடை ஆகியன தெரியவரும். தாயின் இரத்தத்தில் நீரிழிவையும் குருதிவகைப் பிறபொருளெதிரியையும் தேடலாம். சிசுவின் நிறையையும் வெளித்தோற்றத்தையும் பதிய ஐந்து நிமிடம் போதும். இவை எவையும் நல்லடக்கத்தைத் தாமதிக்கச் செய்பவையல்ல. பிரேத பரிசோதனைக்கு மறுத்த குடும்பத்திடம் நச்சுக்கொடியை மட்டுமாவது பரிசோதிக்கலாமா என்று, அவர்களது மொழியில், கேட்க ஒருவர் விடுதியில் இருக்க வேண்டும். மாவட்டத்தில் ஆய்வுகூட வசதி இல்லாதவிடத்து, பதப்படுத்திய மாதிரியைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பும் ஒழுங்கு வேண்டும்.

பெறுபேறு வர வாரங்கள் செல்லலாம். அதற்குள் தாய் வீடு சென்றிருப்பாள். கையில் சிசு இல்லாததால் குழந்தைகள் கிளினிக்குக்கு வர அவளுக்குக் காரணமும் இராது. எனவே துண்டு வெட்டும்போதே மீண்டும் வர வேண்டிய திகதியை எழுதிக் கொடுத்து, பெறுபேற்றை விசேட வைத்திய நிபுணரே அவளுக்கும் கணவருக்கும் தமிழில் விளக்கி, அதன் பிரதியொன்றை அவள் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் முதல் கிளினிக்குக்குப் போகும்போது அவள் கொண்டு செல்ல வேண்டியது அந்தக் காகிதத்தையே.