கரணை யார் கையில்?

20 ஆண்டுகளாகச் சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கலவையைப் பற்றி நாம் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கல் கட்டுக்கு ஒரு சட்டி சிமெண்ட், ஆறு சட்டி மணல். மணலில் மண் கலந்திருக்கிறதா, தண்ணீர் கூடிவிட்டதா என்பதெல்லாம் அவர் கைக்கே தெரியும். ஆனாலும் அவர் கொத்தனார் ஆவதில்லை. அவரோடு கையாளாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிவிடுகிறார். அவரோ குறைந்த கூலியில் முதுகு ஒடியும்வரை சட்டி சுமக்கிறார். திறமைக் குறைவு இதற்குக் காரணமல்ல. கரணையையும் தூக்குக்குண்டையும் யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை.

இந்தப் பெண்ணிடம் போய் "இப்போது எல்லாமே ஆன்லைனில் இருக்கிறதே, படிக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. வரைபடம் படிப்பது, சதுர அடிக் கணக்கு, மதிப்பீடு, கூலிச் சட்டம் ஆகியவற்றை வேலை முடிந்த இரவில், நல்ல தமிழில், கைபேசியிலேயே கற்கலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி, வேலைக்குப் போகிறவர்களும் படிக்க வேண்டும் என்று காலையிலேயே வகுப்புகளை நடத்தியது. உழைப்பவரின் நேரத்துக்குக் கல்வி இறங்கிவர வேண்டும் என்ற அந்த நியாயத்தை இணையம் இன்னும் விரிவாக்கும்.

ஆனால் எந்தக் காணொலியும் சுவரைக் குண்டு பிசகாமல் எழுப்பக் கற்றுத்தராது. கட்டி, பிசகி, பிரித்து, மறுபடியும் கட்டித்தான் அது கைக்கு வரும். அதற்குச் செங்கல் வேண்டும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் வேண்டும், அன்றைய கூலியும் வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இணைய வகுப்பும் உண்டு, கல்லூரி ஆய்வகமும் உண்டு. கூலித் தொழிலாளிக்கோ செலவில்லாத பாதியை மட்டும் கொடுத்துவிட்டு, கல்வி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கு எழுதுகிறார்கள்.

'கைத்தொழிலோடு கல்வி' என்றதும் நமக்குச் சந்தேகம் வருகிறது. வரத்தான் வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று அடையாளம் காட்டிப் போராடினார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டத்தின்மீதும் இதே காரணத்தால்தான் இங்கே எதிர்ப்பு எழுந்தது.

ஆகவே எந்தத் திட்டத்திடமும் இரண்டு கேள்விகள் கேட்போம். தொழிலைத் தேர்ந்தெடுப்பது யார்? கற்றவர் அதற்குப் பிறகு எங்கே போக முடியும்? குலக்கல்வி, பிறப்பைக் காரணம் காட்டிக் குழந்தையின் வழியை அடைத்தது. நாம் கேட்பது, வயதுவந்த ஒருவர் தானே தேர்ந்தெடுத்த தொழிலில் மேலே போவதற்கான வழி. சித்தாள் கொத்தனாராக வேண்டும், மேற்பார்வையாளராக வேண்டும், விரும்பினால் டிப்ளமோவும் முடிக்க வேண்டும்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அரசு ஐடிஐ பட்டறைகளைச் செய்முறைப் பயிற்சிக்குத் திறந்துவிடலாம். கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கப்படுகிறது. பயிற்சி நாளின் கூலியை அதிலிருந்து பெறுவது ஒவ்வொரு சித்தாளுக்கும் உரிமையாக வேண்டும். 2023இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பு, வேலை அனுபவத்துக்கும் மதிப்பெண் தர இடமளிக்கிறது. அப்படியானால் அவர் கலவை போட்ட 20 ஆண்டுகளும் அவருடைய டிப்ளமோவில் ஏற வேண்டும். அரசுக் கட்டடப் பணிகளில் பெண் கொத்தனார்களுக்கு இடஒதுக்கீடும் வேண்டும். இல்லையென்றால் பயிற்சி முடித்தவர் மறுநாள் மறுபடியும் சட்டிதான் தூக்குவார்.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். கட்டடம் நடக்கும் எந்த இடத்துக்கும் போய்ப் பாருங்கள். கரணையைத் தொட்டே பார்க்காதவர் உத்தரவிடுகிறார், கரணையைத் தொட விடாதவர் சுமக்கிறார். நாளை ஓர் இணையப் பயிற்சித் திட்டம் அறிவிக்கப்பட்டால், எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை சித்தாள்கள் கொத்தனார் கூலி வாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள்.